கரும்பலகைக்குப் பூசிய கரியும் இலிதிய மின்கலத்தின் கதையும்

மலர்க்குழுவினர் எம்மிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டபோது பாடசாலையின் வரலாற்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அதை எம்மைவிட மூத்தவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரே வகுப்பில் இருந்து, ஒரே பஸ்ஸில் புத்தளம் நகருக்குப் போய் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்து, இன்று ஆளுக்கொரு நாட்டில் இருக்கும் நாங்கள் நால்வரும் சேர்ந்து எழுதுவது வேறொரு வரலாறு. அதன் முதற் காட்சி மட்டும் எங்கள் வகுப்பறையில் நடந்தது.

அந்தக் காலத்து மாணவிகளுக்கு நினைவிருக்கும். தவணை தொடங்கும் முன் கரும்பலகைக்குக் கரி பூசும் நாள் ஒன்று வரும். பழுதான டோர்ச் பற்றறிகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வார்கள். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளிடம்தான் நிறைய இருக்கும். கல்லால் தட்டி உடைத்து, நடுவில் இருக்கும் கரிக்கோலை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு, சுற்றியிருக்கும் கறுப்புத் தூளைக் கோவை இலையோடு சேர்த்து அரைத்துப் பலகையில் தேய்ப்போம். வெள்ளைச் சட்டை பாழாகும். வீட்டில் உம்மாவிடம் ஏச்சு வாங்குவோம். (இன்றைய பிள்ளைகள் இதை வாசித்துவிட்டுக் கையடக்கத் தொலைபேசியின் பற்றறியைத் தட்டிப் பார்க்க வேண்டாம். அது வேறு சாமான், தீப்பிடிக்கும்.)

பின்பு உயர்தர வகுப்பில் உலர்மின்கலத்தைப் படித்தபோது, நடுவிலுள்ள காபன் கோல்தான் கதோட்டு என்று நாங்கள் எழுதினோம். புள்ளியும் கிடைத்தது. ஆனால் எமது ஆசிரியை ஒரு நாள் சிரித்துக்கொண்டே, “கோல் வெறும் வாசற்கதவு பிள்ளைகள். வேலை செய்கிறது நீங்கள் பலகையில் பூசின தூள்” என்றார். அத்தூள் மங்கனீசு ஈரொட்சைட்டு. நாகத் தகரத்திலிருந்து வெளிவட்டம் வழியாக வரும் இலத்திரன்களை ஏற்றுக்கொள்வது அதுதான். அது தானாக மின்னை நன்கு கடத்தாது என்பதால் அதனோடு காபன் தூளும் கலந்திருப்பார்கள். இந்தச் சிறு விபரத்தை வாசகிகள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் எமது வகுப்பு வட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்தி. “லித்தியம் பற்றறியைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர், வெள்ளைக்காரர்கள் அவருடைய நோபல் பரிசைப் பறித்துவிட்டார்கள்” என்று எழுதி, மேடையில் ஒருவர் பேசும் படமும் போட்டிருந்தார்கள். குழுவில் பாதிப்பேர் பொங்கி எழுந்தார்கள், மீதிப்பேர் வழமைபோல் கட்டைவிரல் காட்டினார்கள். செய்தி பொய். ஆனால் படத்தில் இருந்தவர் உண்மையானவர். அவர் செய்த வேலையும் உண்மையானது. அந்த வேலை என்னவென்று அச்செய்தியை அனுப்பிய ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததுதான் எங்களை உறுத்தியது. யார் எதைச் செய்தார் என்று ஒழுங்காக எழுதி வைப்போம் என்று அன்றே முடிவு செய்தோம்.

கதை எண்ணெயில் தொடங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எக்ஸொன் எண்ணெய்க் கம்பனி, எண்ணெய் தீர்ந்துபோனால் தன் பிழைப்பு என்னாகும் என்று யோசித்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது அந்த யோசனை பயமாக மாறியது. அந்தக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் இருந்த பிரித்தானியரான ஸ்டான்லி விட்டிங்ஹாம் தைத்தேனியம் இருசல்பைட்டு என்னும் பொருளை எடுத்தார். அடுக்கி வைத்த பாய்களைப் போன்றது அதன் அமைப்பு. பாய்க்கும் பாய்க்கும் இடையில் கையை நுழைக்கலாம், எடுக்கலாம், அடுக்கு குலையாது. அப்படியே இலிதியம் அயன்கள் அடுக்குகளுக்கு இடையில் நுழையும், மின்னேற்றும்போது வெளியே வரும். இரசாயனப் பொருள் உடைந்து வேறொன்றாக மாறாமல் விருந்தாளியை ஏற்று அனுப்பும் கதோட்டு என்ற எண்ணம் இங்கேதான் பயனுள்ள மின்கலமாக உருப்பெற்றது. 1976இல் அவரது கட்டுரை ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது.

குறைகள் இரண்டு. வோல்ற்றளவு இரண்டுக்குச் சற்று மேல்தான். அனோட்டாக உலோக இலிதியத்தையே வைத்ததால், மீண்டும் மீண்டும் மின்னேற்றும்போது அதில் ஊசி ஊசியாக முளைகள் வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டுவிடும். தொட்டால் நெருப்பு. தீயணைப்புப் படையினர் பலமுறை வந்து அலுத்துப்போய், இனி அணைக்கும் விசேட இரசாயனத்துக்கு ஆய்வுகூடமே பணம் கட்ட வேண்டும் என்று எச்சரித்தார்களாம். 1980களில் எண்ணெய் விலை இறங்க, எக்ஸொன் இந்த வேலையைக் கைவிட்டது.

அப்போது இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப் இருந்தார். 1922இல் பிறந்தவர், எழுத்துகளை வாசிக்கவே சிறுவயதில் சிரமப்பட்டவர், பௌதிகவியல் படித்து, கணினி நினைவகத்துக்கான காந்தப் பொருள்களில் உழைத்து, 1976இல் ஒக்ஸ்போர்டின் அசேதன இரசாயன ஆய்வுகூடத்துக்குத் தலைவராக வந்தவர். அவர் கேட்ட கேள்வி எளிது: கந்தகத்துக்குப் பதில் ஒட்சிசனை வைத்தால் என்ன?

வோல்ற்றளவு என்பதை எம் ஊர்க் கிணற்றை வைத்துச் சொல்லலாம். மேலிருந்து ஒரு வாளியைப் போட்டால் கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு வேகமாக விழும். இலிதியம் விட்டுவிடும் இலத்திரன் விழுகிற கிணறுதான் கதோட்டு. சல்பைட்டு ஆழமற்ற கிணறு. ஒட்சைட்டில் கிணற்றை இன்னும் தோண்டலாம் என்று குடினஃப் கணக்கிட்டார். ஜப்பானிலிருந்து வந்திருந்த கொய்ச்சி மிசுஷிமா, கூடவே பிலிப் ஜோன்ஸ், பிலிப் வைஸ்மன் ஆகியோர் ஒவ்வொரு உலோகமாக எடுத்துச் சோதித்தார்கள். 1980இல் இலிதியம் கோபாற்று ஒட்சைட்டு 4 வோல்ற்றைத் தந்தது, சல்பைட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இதுவும் பாயடுக்குதான். ஆனால் உள்ளே இருக்கும் இலிதியம் முழுவதையும் எடுக்க முடியாது. பாதியளவுக்கு மேல் எடுத்தால் அடுக்கு நிலைகுலையத் தொடங்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. இந்தப் பொருளைச் செய்யும்போதே இலிதியம் கதோட்டுக்குள் இருக்கிறது. ஆகவே மறுபக்கத்தில் ஆபத்தான உலோக இலிதியத்தை வைக்கத் தேவையில்லை. வருகிற அயனை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால் போதும். அந்த இடத்தை 1985இல் ஜப்பானில் அகிரா யொஷினோ பெற்றோலியக் கரியில் கண்டார். தான் செய்த கலத்தின்மேல் இரும்புத் துண்டைப் போட்டுப் பார்த்தார், அது தீப்பிடிக்கவில்லை. 1991இல் சோனி நிறுவனம் இலிதியம் அயன் மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் பெற்றோலியக் கரியின் இடத்தைப் பென்சிற்கரி பிடித்தது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து எமது நாடு நூறாண்டுக்கு மேலாகக் கப்பலில் ஏற்றியனுப்பிய அதே காரீயம்தான்.

உரிமப் பத்திரக் கதை சுருக்கமானது, கசப்பானது. கோபாற்றுக் கதோட்டுக்குக் காப்புரிமை எடுக்க ஒக்ஸ்போர்ட் அக்கறை காட்டவில்லை. ஹார்வெல்லில் இருந்த பிரித்தானிய அணுசக்தி ஆய்வு நிலையம் எடுத்தது. குடினஃப் தன் உரிமையை எழுதிக் கொடுத்தார். உலகம் முழுவதும் விற்ற கையடக்கத் தொலைபேசிகளால் அவருக்கு ஒரு சதமும் வரவில்லை.

கோபாற்று விலை கூடியது, நஞ்சும் கூட. மலிவான உலோகத்தைத் தேடுகிற வேலை உடனேயே தொடங்கிவிட்டது. தென்னாபிரிக்காவிலிருந்து ஒக்ஸ்போர்டுக்கு வந்த மைக்கல் தக்கரே, பில் டேவிட், பீற்றர் புரூஸ் ஆகியோர் குடினஃபுடன் சேர்ந்து மங்கனீசு ஒட்சைட்டில் இன்னொரு கதோட்டைச் செய்து 1983இல் வெளியிட்டார்கள். மாணிக்கக் கல் வகையொன்றான ஸ்பினெலின் பளிங்கமைப்பு அதற்கு. பாயடுக்காக இல்லாமல் மூன்று திசையிலும் சந்துகள் உள்ள வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கரும்பலகைத் தூளின் சொந்தக்காரன்தான் இது, வேறு உடுப்பில்.

இப்போது படத்தில் இருந்தவரிடம் வருவோம்.

ஆறுமுகம் மந்திரம் 1951இல் தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் கிராமத்தில் பிறந்தார். மதுரையில் இரசாயனவியல் படித்தார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மதுரைப் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தார். 1985இல் ஒக்ஸ்போர்டில் குடினஃபிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, ஒக்ஸ்போர்டின் கட்டாய ஓய்வு வயது நெருங்குவதை விரும்பாத குடினஃப் அமெரிக்காவின் ஒஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மந்திரமும் கூடவே போனார்.

அவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டது இரும்பு. மண்ணில் அள்ளக் கிடைக்கும், நஞ்சில்லாத, மலிவான உலோகம். ஆனால் சாதாரண இரும்பு ஒட்சைட்டில் கிணறு ஆழமில்லை, 2.5 வோல்ற்றுக்கும் குறைவு. ஆகவே கதோட்டுக்கு இரும்பு ஆகாது என்று பலர் விட்டுவிட்டார்கள். மந்திரமும் குடினஃபும் ஒட்சிசனைத் தனியாக வைக்காமல், மொலிப்டேற்று, தங்குதேற்று, சல்பேற்று என்று கூட்டு அயன்களாக வைத்தார்கள். மூன்றிலும் ஒரே மாதிரியான பளிங்குச் சட்டகம். மூன்றிலும் வேலை செய்வது அதே இரும்பு. 1987இலும் 1989இலும் வெளிவந்த அவர்களின் கட்டுரைகளில் உள்ள எண்கள் இவை: மொலிப்டேற்றிலும் தங்குதேற்றிலும் 3.0 வோல்ற்று, சல்பேற்றில் 3.6 வோல்ற்று.

ஒரே உலோகம், ஒரே சட்டகம், வித்தியாசம் 0.6 வோல்ற்று. எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டிலிருந்து. இரும்புக்கும் கந்தகத்துக்கும் நடுவில் ஒட்சிசன் இருக்கிறது. கந்தகம் ஒட்சிசனைத் தன் பக்கம் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, ஒட்சிசன் இரும்பைப் பிடிக்கும் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்த இரும்பின் கிணறு ஆழமாகிறது, வோல்ற்றளவு ஏறுகிறது. மொலிப்டினம் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. உலோகத்தை மாற்றாமலே, அதன் அயலவரை மாற்றி வோல்ற்றளவைத் திருத்தலாம் என்ற இந்த அறிவு அதற்குமுன் மின்கலம் செய்பவர்களிடம் இருக்கவில்லை. எங்களைக் கேட்டால் இந்த வரலாறு முழுவதிலும் மிக அழகான பரிசோதனை இதுதான். ஆனால் அந்தச் சல்பேற்று கடைக்கு வரவில்லை. அதற்குள் இலிதியம் முன்கூட்டியே இல்லை என்பது பெரிய குறை. அதனால்தானோ என்னவோ, இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

பலன் பத்தாண்டு கழித்து வந்தது. ஒஸ்டினில் அக்ஷய பாதி என்னும் ஆய்வு மாணவரும் நஞ்சுண்டசுவாமி என்னும் ஆய்வாளரும் குடினஃபின் வழிகாட்டலில் அதே பாதையில் பொசுபேற்றுகளைத் தேடினார்கள். 1997இல் இலிதியம் இரும்பு பொசுபேற்றைப் பற்றிய கட்டுரை வந்தது. ஏறத்தாழ 3.4 வோல்ற்று. இரும்பு, பொசுபரசு, ஒட்சிசன். கோபாற்று ஒரு துளியும் இல்லை. இலிதியமும் செய்யும்போதே உள்ளே இருக்கிறது. பொசுபரசு ஒட்சிசனை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருப்பதால் சூடேறினாலும் ஒட்சிசன் வெளியேறி நெருப்புக்குத் தீனி போடுவதில்லை. கோபாற்றுக் கதோட்டு அளவுக்கு மிஞ்சி மின்னேறினால் நடப்பது அதுதான். மந்திரம் காட்டிய அந்தப் பிடியே இங்கே பாதுகாப்பும் ஆகிவிட்டது.

ஆனால் முதலில் அது சோம்பேறி. உள்ளிருக்கும் இலிதியத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் மெதுவாக வெளியே வந்தது. காரணம், பொருள் மின்னைக் கடத்துவதே இல்லை என்று சொல்லலாம். இதற்கு மருந்து கண்டது கனடாவின் மொன்றியல் நகரில் இருந்த குழு. நத்தாலி ரவே என்னும் பெண் ஆய்வாளர், மிஷேல் ஆர்மண்ட் முதலியோருடன் சேர்ந்து, பொசுபேற்றின் ஒவ்வொரு துணிக்கையின்மேலும் மெல்லிய காபன் பூச்சைப் பூசினார். 1999இல் ஹொனலூலுவில் நடந்த மின்னிரசாயன மாநாட்டில் இதை அறிவித்தார்கள். உறங்கிக் கிடந்த பொருள் எழுந்து வேலை செய்தது. டோர்ச் பற்றறியில் மங்கனீசுத் தூளோடு காபனைக் கலந்தார்களே, அதே வைத்தியம்தான். எங்கள் குழுவில் இதை எழுதியபோது ஒருத்தி, “கரி பூசினால் சரியாகும் என்று எங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே” என்றாள்.

நடுவில் வழக்கும் நடந்தது. குடினஃபின் ஆய்வுகூடத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் மூலம் பொசுபேற்று இரகசியம் அவரது கம்பனிக்குப் போனது என்று டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது; கடைசியில் 30 மில்லியன் டொலர் கொடுத்துச் சமரசம் ஆனது. ஆய்வுகூடத்தில் வேலை செய்த மாணவர்களின் கைக்கு அதில் எவ்வளவு போயிருக்கும் என்று நாங்களும் யோசித்தோம்.

2019ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு குடினஃப், விட்டிங்ஹாம், யொஷினோ ஆகிய மூவருக்கும் கிடைத்தது. குடினஃபுக்கு அப்போது வயது 97; நோபல் பெற்றவர்களில் அவரே மிக வயதானவர். ஒரு பரிசை மூவருக்கு மேல் பங்கிட விதியில்லை. மிசுஷிமா இல்லை, தக்கரே இல்லை, மந்திரமும் இல்லை. பறித்தார்கள் என்று சொல்ல எதுவும் இல்லை. இலிதியம் அயன் மின்கலத்தை ஒரு தனி மனிதர் கண்டுபிடிக்கவும் இல்லை. ஆனால் பரிசு பெறுபவர் ஆற்ற வேண்டிய நோபல் பேருரையை, 2019 டிசம்பர் 8ஆம் திகதி ஸ்டொக்ஹோமில், குடினஃபின் சார்பில் ஆற்றியவர் ஆறுமுகம் மந்திரம். வட்ஸ்அப்பில் வந்த படம் அந்த மேடையின் படமே. ஒக்சைட்டுகளில் தொடங்கி, ஸ்பினெலைத் தொட்டு, சல்பேற்றும் பொசுபேற்றும் வரை கதோட்டுகளின் கதையை அவர் சொன்னார். தன் பரிசுக்கான உரையை ஓர் ஆசிரியர் இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார் என்றால் அந்த உறவு எத்தகையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருமை போதாது என்று பொய்யையும் ஏன் சேர்க்க வேண்டும்? குடினஃப் 2023 ஜூனில், நூற்றொன்றை எட்ட ஒரு மாதம் இருக்கையில், காலமானார்.

ஊருக்குத் திரும்புவோம். வண்ணாத்திவில்லில் இன்று இந்தப் பொசுபேற்று வந்துவிட்டது. சூரியப் படல் போட்ட வீடுகளின் சுவரில் தொங்கும் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது அதுதான். எங்கள் காலத்தில் தொலைக்காட்சி பார்க்கக் கார்ப் பற்றறியைப் பஸ்ஸில் ஏற்றிப் புத்தளத்துக்கு மின்னேற்ற அனுப்பியதை இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அமிலம் சிந்தி வாப்பாவின் சாரத்தில் விழுந்த ஓட்டைகளை நாங்கள் எண்ணியிருக்கிறோம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனது. எமக்குத் தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றது. அது வழமைக்குத் திரும்பும் வரை மேலும் சில நாட்கள் மின்வெட்டு. வெயில் நிறைந்த பகலில் கூரைகள் எல்லாம் மின்சாரத்தைத் தள்ளும்போது அதை வாங்கி வைக்க இடம் வேண்டும் என்று அதன்பிறகு எல்லோரும் பேசினார்கள். வாங்கி வைக்கும் அந்த இடத்துக்கான விடை 1980களின் இந்த ஆய்வுகூடங்களில் எழுதப்பட்டது. இரும்பும் பொசுபேற்றும் எமக்கு அந்நியமல்ல. கலாஓயா வடிநிலத்துக்கு அயலில் உள்ள எப்பாவலையில் 1971இல் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் படிவு இருக்கிறது. அதை ஒரேயடியாகத் தோண்டி வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுக்கும் திட்டத்தை 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தடுத்தது. வழக்குப் போட்டவர்கள் அவ்வூர் மக்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனமில்லை. 2019இல் கொழும்பின் குப்பை எமது பிரதேசத்தின் அருவாக்காட்டுக்கு லொறிகளில் வரத் தொடங்கியபோது எம் சகோதரிகள் பலர் வீதியில் நின்றார்கள். இப்போது வீடுகளில் சேரும் பழைய தொலைபேசிப் பற்றறிகள் எங்கே போகின்றன? கோபாற்று உள்ளவற்றைக் குப்பையோடு போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கவும் கூடும், நிலத்தடி நீருக்கும் ஆகாது. எம்மில் ஒருத்தி ஊரில் ஆசிரியையாக இருக்கிறாள். பழுதான பற்றறிகளைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி, மணல் நிரப்பிய வாளியில் போட்டு வைக்கிறாள். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டித்தான் கொண்டுவர வேண்டும் என்பது அவள் சட்டம். கொழும்பில் சேகரிக்கும் இடத்துக்கு யாராவது போகும்போது கொடுத்து அனுப்புகிறாள். சென்ற தவணை இரண்டு வாளி நிரம்பியதாம்.

அவள் வகுப்பில் இப்போது வெண்பலகை. பழைய கரும்பலகை ஒன்று விளையாட்டுப் பொருள் அறையில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் நாங்கள் பூசியது இன்னும் போகவில்லை என்று படம் எடுத்து அனுப்பினாள். “கோல் வெறும் வாசற்கதவு” என்று சொன்ன ஆசிரியைக்கும் அந்தப் படத்தை அனுப்பினோம். அவருக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது, பார்வை மங்கல். இக்கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டப் பேத்தி ஒத்துக்கொண்டிருக்கிறாள்.